பச்சைத்தண்ணீர் முள்

காலை பதினொரு மணிக்கு, கருவிப் பையோடு எருமப்பட்டி வீட்டு வாசலில் வந்து நின்றார் பிளம்பர் மயில்சாமி. யாரும் உள்ளே வரச் சொல்லவில்லை. கதவைத் திறந்த ஜோதி அவர் முகத்தைப் பார்க்காமல் ஒதுங்கிக்கொண்டாள்.

நாலு மாதத்துக்கு முன் அண்ணி அறிவுமதிக்கு ஷவர் மாட்டியவர் அவர்தான். இருபதாம் நாள், அண்ணி குளிக்கையில் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கக் கொட்டியது. துள்ளி விலகியவள் வழுக்கி விழுந்தாள். பிழைக்கவில்லை. அதிலிருந்து மயில்சாமியை ஒருவரும் வேலைக்குக் கூப்பிடுவதில்லை. தப்பு தன் வேலையில் இல்லை என்று காட்டத்தான் இன்று வந்திருந்தார்.

அண்ணன் மாதேஸ்வரன் குளியலறைப் பூட்டைத் திறந்தான். அத்தனை நாள் அடைத்துக் கிடந்த அறையிலிருந்து, இப்போதுதான் குளித்தெழுந்த ஈரக் கூந்தலின் வாசனை வந்தது.

"ரெண்டு லைன்லயும் அழுத்தம் காட்டற மீட்டர் மாட்டறேனுங்க. சுடுதண்ணியும் பச்சத்தண்ணியும் ஒரே அழுத்தத்துல வந்தா ரெண்டு முள்ளும் ஒண்ணா நிக்கும். சமையக்கட்டுக் கொழாயத் தொறந்தாத்தான் பச்சத்தண்ணி முள்ளு எறங்கும், ஷவர்ல வெறும் சுடுதண்ணியா கொட்டும். அம்மணி குளிக்கறப்ப அதத் தொறக்காதீங்கன்னு அன்னிக்கே சொன்னேனுங்க."

"ஆரும் தொறக்கலைய்யா. இவதான் அங்க நின்னா, கேளு."

ஜோதி தரையைப் பார்த்தாள்.

திறந்தது அவள்தான். முதலில் விளையாட்டாகத்தான் செய்தாள். அலறிக்கொண்டு வரும் அண்ணி, "ஏம்புள்ள, என்னைய வேக வெச்சுத் திங்கப் போறியா?" என்று சிரிப்பாள். விழுந்த அன்று, வந்திருந்த விருந்தாளியிடம் "இவ பத்தாவதோட நின்னுட்டா" என்று அண்ணி சொல்லிவிட்டாள். அந்தக் கோபத்தில் குழாயை முழுதாகத் திருகிவிட்டு, அலறல் கேட்டும் மூடாமல் நின்றாள்.

"போயி அந்தக் கொழாயப் புடிச்சுக்க. ஆரும் தொடக்கூடாது" என்றான் அண்ணன்.

சமையலறையில் தனியாக நின்று, மூடிய குழாயை இறுகப் பிடித்தாள்.

"ரெண்டும் ஒண்ணா நிக்குது, பாத்துக்கங்க!" மயில்சாமியின் குரலில் இத்தனை நாளைக்குப் பிறகு உயிர் வந்திருந்தது.

முள் அப்படியே நின்றால் அவர் தப்பித்துவிடுவார். பிறகு அண்ணன் தன்னிடம்தான் வருவான்.

அப்போது அவள் புறங்கையின் மேல் ஒரு கை அமர்ந்தது.

ஈரமான கை. கொதித்தது.

அது அவள் விரல்களோடு சேர்த்துக் குழாயைத் திருகியது, மெதுவாக. தண்ணீர் சத்தமே இல்லாமல் இறங்கியது.

"முள்ளு எறங்குதே!" அண்ணன் கத்தினான். "ஜோதி, கொழா மூடித்தான இருக்குது?"

தண்ணீர் அவள் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தது.

காதருகில் யாரோ மூச்சை அடக்கிக் காத்திருந்தார்கள்.

"மூடித்தாங்ண்ணா இருக்குது."

மயில்சாமி மீட்டர்களைக் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது. "அப்பொ எங்கையிலதானுங்க தப்பு. மன்னிச்சுக்கங்க."

அவர் தலை குனிந்து வாசலைக் கடந்து போவதை ஜோதி சன்னல் வழியாகப் பார்த்தாள். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அண்ணன் உள்ளே வந்தபோது குழாய் மூடியிருந்தது. தொட்டியில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. அவன் கண் அவள் கையில் நின்றது.

"என்ன புள்ள இது?"

புறங்கையில் ஐந்து விரல்கள் சிவந்து பதிந்திருந்தன.

"குக்கர் ஆவி பட்டுருச்சுங்ண்ணா."

சொல்லி முடிப்பதற்குள் அந்த ஐந்து விரல்களும் இன்னும் கொஞ்சம் இறுகின.