பென்சிலால் எழுதிய எழுபத்திரண்டு

காலை 10.10. குழந்தை மருத்துவர் மருத்துவ இதழ் ஆசிரியையின் மேசைமேல் ஒரு காகிதக் கட்டைப் போட்டார்.

"என் ஆய்வுத் திட்டத்த யாரோ திருடிட்டாங்க மேடம். நேத்து ஒரு பெரிய ஆஸ்பத்திரி தன்னோடதுன்னு பதிவு பண்ணியிருக்கு."

ஆசிரியை கட்டைப் பிரித்தாள். ஆய்வு தொடங்கும் முன்பே திட்டத்தை மதிப்பிட்டு, முடிவு எப்படி வந்தாலும் வெளியிடுவோம் என்று வாக்களிக்கும் மருத்துவ இதழ் அவளுடையது. நம்பித்தானே அனுப்புகிறார்கள்!

அவளைத் தவிர அதைப் பார்த்தவர்கள் இரண்டு மதிப்பீட்டாளர்கள் மட்டுமே.

10.25. அந்த ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் தன் தம்பியை அழைத்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. உன் மதிப்பீட்டாளர்ல ஒருத்தர்தான் குடுத்திருப்பாரு. விடாத, நல்லா விசாரி."

விசாரித்தாள். முதலாமவர் எரிந்து விழுந்தார். "முப்பது வருஷமா பாக்கறேன். என்னையா கேக்கறீங்க?" இரண்டாமவர் தன் பிரதியை அனுப்பிவைத்தார்.

11.30. ஆஸ்பத்திரி பதிவுசெய்திருந்த திட்டத்தை மருத்துவருடையதோடு வரிவரியாக ஒப்பிட்டாள். எழுத்துப்பிழைகூட மாறாத நகல், ஒரே ஓர் இடம் தவிர. மருந்து கொடுத்தபின் குழந்தையைக் கண்காணிக்கும் நேரம், மருத்துவர் எழுதியதிலும் மதிப்பீட்டாளர்களுக்குப் போனதிலும் நாற்பத்தெட்டு மணி. திருட்டுப் பிரதியில் எழுபத்திரண்டு.

"இது நீங்க யோசிச்சதா?" என்று எதிரில் காத்திருந்த மருத்துவரைக் கேட்டாள்.

"இல்லியே. எனக்குத் தோணவே இல்ல."

தோன்றியது ஆசிரியைக்குத்தான். மூன்று வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அச்சுப் பிரதியை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டை அடித்துவிட்டுப் பென்சிலால் எழுபத்திரண்டு என்று எழுதினாள். அது மதிப்பீட்டாளர்கள் சொல்ல வேண்டியது, நாம் மூக்கை நுழைக்கக் கூடாது என்று யாரிடமும் சொல்லாமல் விட்டுவிட்டாள். அவள் குளித்துவிட்டு வரும்வரை அந்த மேசையருகே ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

12.05. தம்பியை மீண்டும் அழைத்தாள்.

"எழுபத்திரண்டு எங்கேர்ந்துடா வந்துச்சு?"



"சொந்தமா ஏதாவது கொண்டு வந்தாத்தான் வேலை நிரந்தரம்னாங்கக்கா. போட்டோ எடுத்தேன். நீதான விசாரிக்கிற... பாத்துக்கயேன்."

"என் வீட்ல உக்காந்து எடுத்துட்டு, என் மதிப்பீட்டாளர்கள சந்தேகப்படச் சொன்னியேடா!"

போனை வைத்தாள். எதிரில் இருந்தவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"திருடினது என் தம்பி. உங்க ஆஸ்பத்திரிக்கும் அவன் ஆஸ்பத்திரிக்கும் இப்பவே எழுதறேன்."

மருத்துவர் தன் காகிதங்களை அடுக்கி எடுத்துக்கொண்டார்.

"மதிப்பீட்டாளர்களுக்குத் தவிர பிரதி ஆபீஸ விட்டு வெளிய போகாதுன்னு எனக்கு எழுதிக் குடுத்தது நீங்கதான மேடம்?"

ஆசிரியை கடிதத்தைத் தொடங்கினாள். முதல் வரியில் தன் பெயரை எழுதினாள். தம்பியின் பெயரை இரண்டாவதாக.