பார்வைக்கு வைத்த குடை

அவள் குடைக்கடைக்குள் நுழைந்தபோது தலை முதல் கால் வரை சொட்டிக்கொண்டிருந்தது... இத்தனைக்கும் கையில் குடை இருந்தது.

"இது குடையா, சல்லடையாங்க?"

கல்லாவில் இருந்த பெரியவர் தலைக்கு மேல் தொங்கிய பலகையை விரலால் காட்டினார். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

வேறு யாராவது என்றால் முணுமுணுத்துக்கொண்டே போயிருப்பார்கள். இவளோ நுகர்வோர் உதவி மையத்தில் நாள் முழுக்க அடுத்தவர் புகார்களை எழுதிக் கொடுப்பவள். விடுவாளா?

"பலகை மாட்டுறது உங்க இஷ்டம் ஐயா. பழுதான பொருளுக்கு அது செல்லாது. மாத்திக் கொடுங்க, இல்லன்னா பணத்தைக் கொடுங்க."

"கொடுக்கறப்போ நல்லாத்தானேம்மா இருந்துச்சு? டேய், நீதானே வித்தே? சொல்லு."

மகன் ஏணியிலிருந்து இறங்கினான். போன வாரம் சிரித்த அதே கண்கள்... "இந்த ஊதா உங்களுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க" என்று சொன்ன அதே வாய். ஊதா அவளுக்குப் பிடித்த நிறம்கூட இல்லை. அவன் சொன்னதற்காகத்தான் வாங்கினாள்.

இப்போது அவன் தரையைப் பார்த்தான். "நல்லாத்தான்ப்பா இருந்துச்சு."

நனைந்தது வலிக்கவில்லை. இதுதான் சுருக்கென்று தைத்தது.

"சரி. நாளைக்கு எங்க நுகர்வோர் உதவி மையத்துலேருந்து புகார் வரும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டில் அம்மா தலை துவட்டிவிட்டபடி ஆரம்பித்தாள். "குடைக்குக் கூடவா சண்டை? இப்படி கடை கடையா வம்புக்கு நின்னா உன்னை எவன்டி கட்டிப்பான்?"

எப்போதும் வெடுக்கென்று பதில் சொல்பவள் அன்று துண்டை வாங்கித் தானே துவட்டிக்கொண்டாள். ஒருவேளை அம்மா சொல்வது சரிதானோ...

மறுநாளும் மழை. உதவி மையத்தில், ஊராருக்கெல்லாம் மளமளவென்று எழுதும் பேனா, தன் புகாருக்கு மட்டும் நகர மறுத்தது. வாசலில் நிழலாடியது. நிமிர்ந்தாள்.

அவன்தான். குடைக்குப் பதிலாக ஒரு பலகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"குடைக்கடைக்காரருக்கு ஒரு குடை கிடைக்கலையா?"

"இதைக் கழட்டினேனா, அப்பா பிடிச்சுத் திட்டிட்டாரு... அப்படியே கிளம்பி வந்துட்டேன். குடை ஞாபகமே வரலை."

பலகையை மேஜைமேல் வைத்தான். சொட்டச் சொட்ட 'விற்ற பொருள்' அவளைப் பார்த்தது.

"நேத்து பொய் சொன்னேங்க. அது கண்ணாடிக்குப் பின்னால பார்வைக்கு விரிச்சு வச்சிருந்த குடை. வெயில் பட்டுப் பட்டு துணி இத்துப்போச்சு. எனக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சேவா வித்தீங்க?"

"நீங்க வெளியில நின்னு அதையே பார்த்துட்டு இருந்தீங்க. சொன்னா வாங்காம போயிடுவீங்க... அப்புறம் உங்களை எங்க போய்ப் பார்க்கறது?"

கோபம் வரத்தான் செய்தது. ஆனால் உட்கார இடமில்லாமல் நின்றது.

"குறையை மறைச்சு விக்கறது தப்பு."

"அப்பாகிட்ட ஒத்துக்கிட்டேன். அதான் அந்தத் திட்டு. புதுசா நீங்களே வந்து விரிச்சுப் பார்த்து எடுத்துக்கணுமாம்." மேஜைமேல் இருந்த பலகையை நேராக நகர்த்தினான். "இனிமே எதையும் மறைக்கறதில்லை. எனக்கு உங்களை ரொம்பப் பிடிச்சிருக்கு. என் குறையையும் சொல்லிடறேன்... அப்பான்னா பயம். பேச வேண்டிய நேரத்துல வாய் வராது. யோசிச்சு சொல்லுங்க."

"என் குறையும் கேட்டுக்கோங்க. நான் சண்டைக்காரி. எங்க அம்மாவே சொல்லுவாங்க."

"அதை நேர்லயே பார்த்துட்டுத்தானே வந்திருக்கேன்."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எழுதாத தாளை மடித்து மேஜைக்குள் போட்டாள்.

கடைக்குக் கிளம்பினார்கள். அவன் பலகையைத் தூக்கிப் பிடித்தான். சின்னப் பலகை. இருவர் நனையாமல் போக வேண்டுமென்றால் ஒட்டித்தான் நடக்க வேண்டும்... நடந்தாள்.

"நானும் ஒண்ணை மறைச்சுட்டேன்" என்றாள் பாதி வழியில். "அன்னிக்கு நான் குடையைப் பார்க்கலை."

"அப்புறம்?"

"கண்ணாடிக்குப் பின்னால நீங்களும்தானே நின்னீங்க."