கொதித்த தண்ணீரின் நிறம்

காலையில் எழுந்ததும் சாவியோ தொட்டியைத் திறப்பான். படகுவீட்டின் சமையலறையில், தரைப்பலகைக்கு அடியில் இருக்கிறது தொட்டி. மூடியைத் திருகி எடுப்பான். டார்ச் அடித்துப் பார்ப்பான். முகர்வான். குளோரின் கலந்துவிட்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பான். பிறகு குழாயில் ஒரு பானை பிடித்துக் கொதிக்கவைத்து, பதிமுக மரச் சீவலைப் போடுவான். தண்ணீர் இளஞ்சிவப்பாகும். சிவந்திருந்தால் குடிக்கலாம். கேரளத்துக் குட்டநாட்டில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும். கொதித்ததா என்று யாரும் கேட்பதில்லை.

அவன் மனைவி டெஸ்ஸி மட்டும் கேட்பாள்.

போன மழையில், படகில் விருந்தாளிகள் இருந்த ஒரு நாள், காஸ் தீர்ந்துபோனது. வெதுவெதுப்பான தண்ணீரிலேயே சீவலைப் போட்டான். நன்றாகவே சிவந்தது. அவள் கேட்டாள். தலையாட்டினான். விருந்தாளிகள் பாட்டில் தண்ணீர் குடித்தார்கள். அவனும் குடித்தான், அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குக் காலரா. தொட்டியின் அடி இணைப்பில் காயல் தண்ணீர் கசிந்திருந்ததாம். கல்லறைக் குழியிலும் தண்ணீர் ஊறியது. பெட்டி மிதக்காமலிருக்கக் கல் வைத்து மூடினார்கள்.

அதன் பிறகு வாங்கியது இந்தப் புதுத் தொட்டி.

இன்று மூடியைத் திறந்ததும் டார்ச்சை அணைத்துவிட்டு மறுபடி அடித்தான். நேற்று படகுத்துறையில் விளிம்புவரை நிரப்பியது. பாதிதான் இருந்தது.

"வாசப்பன் சேட்டா, தண்ணி எடுத்தீங்களா?"

சமையல்காரர் கரையில் இறங்கிக்கொண்டிருந்தார். "நான் குடிக்கிற தண்ணி தென்னமரத்துலல்ல இருக்கு. அது ஊருக்கே தெரியும்."

"பாதி காணோம்."

"ஒருநாளாவது அத மூடி வைடா மோனே. எப்பப் பாரு குனிஞ்சு பாத்துட்டு. நான் மீன் வாங்கிட்டு வர்றேன், புள்ளைய பாத்துக்க."

ஐந்து வயது மகள் அன்னா முன்பக்க நாற்காலியில் படம் வரைந்துகொண்டிருந்தாள். மழை பிடித்தது. ஓலைக்கூரையில் விழுந்த தூறல் மெல்லத் தடித்து, காயலையும் கரையையும் எதிர்ப்பக்கத்து மாதா கோயிலையும் ஒன்றொன்றாக அழித்துக்கொண்டு வந்தது. ஈரப்பலகையின் நெடிக்கு அடியில் வேறொரு வாசனை, கழுவிய தரையும் வாந்தியும் கலந்த ஆஸ்பத்திரி வாசனை, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவுக்கு இருந்தது. கசிவாக இருக்கும் என்று படகின் அடித்தட்டில் இறங்கித் தொட்டியைச் சுற்றித் தடவினான். காய்ந்திருந்தது. இரும்பு மட்டும் லேசாகச் சுட்டது.

காதை வைத்தான்.

உள்ளே யாரோ தண்ணீர் விழுங்கினார்கள். நெடுநாள் தாகத்தோடு, மூச்சு வாங்காமல், மடக் மடக்கென்று.

நின்றது.

மேலே குழாய் திறக்கும் சத்தம்.

ஏறி ஓடினான். அன்னா ஸ்டூல்மேல் நின்றிருந்தாள். கையில் தம்ளர். குழாயிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது. இளஞ்சிவப்பாக.

"பானை காலியா இருந்துச்சுப்பா. குழாய்லயே செவப்பா வருது. இது குடிக்கலாம்."

"குடிச்சியா?"

"ரெண்டு தம்ளர்."

தட்டிவிட்டான். தம்ளர் உருண்டது. அவன் கையில் தெறித்த தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. அன்று சீவல் போட்ட தண்ணீரின் அதே சூடு.

மூடியைத் திருகினான். கை வழுக்கியது. திறந்தது.

தண்ணீர் இல்லை. அடியில் கொஞ்சம் சிவப்பு. அதில் முழங்காலைக் கட்டிக்கொண்டு டெஸ்ஸி. உதடு வெடித்திருந்தது. தலைமுடி நனைந்திருந்தது. ஒரு கையை மேலே நீட்டினாள். அதில் ஆஸ்பத்திரித் தம்ளர். அவன் கொடுத்தது. நிரம்பியிருந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்கு மேலே பார்த்தாள்.

பின்னால் சின்னக் கால்கள் நெருங்கின.

"எனக்கா?" என்றாள் அன்னா.

டெஸ்ஸியின் வாய் அசையவில்லை. அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், அவன் நீட்டிய தம்ளரின் நிறத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு அவள் கேட்டதுதான் கடைசி:

"கொதிச்சுதா இச்சாயா, இல்ல சும்மா செவந்துச்சா?"