பதறுநர் நாற்காலி

முப்பத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். நடுவில் யாராவது நாற்காலியைப் பின்னுக்கு இழுத்திருந்தால் முப்பத்தைந்து. ஓடக் கூடாது. ஓடினால் கூட்டத்தையே ஒத்திவைத்துவிடுவார்கள்.

கூட்ட அறையிலிருந்து கழிவறைக்குப் போகும் தூரத்தை ஜெசிந்தா மனதுக்குள் இன்னொரு முறை நடந்து பார்த்தாள். இடுப்பைச் சுற்றி வயிற்றுக்கச்சை இறுகியிருந்தது. அவள் குடல் புரளும்போதெல்லாம் எதிர்ச்சுவரில் ஒரு பச்சைக் கோடு எழுந்து அடங்கியது. கடற்சுவர் வாரியத்தின் ஏழு பொறியாளர்களும் அந்தக் கோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

ஏழு பேரும் அமைதிமணி விழுங்கியவர்கள். பதினைந்து வயது முடிந்தால் எல்லாரும் விழுங்க வேண்டும். மிளகளவு மணி. குடல் சுவரில் ஒட்டிக்கொண்டு, குடலுக்கும் மூளைக்கும் நடுவே ஓடும் நரம்புப் பேச்சை நிறுத்திவிடும். பரீட்சைக்கு முன்னால் வயிற்றைக் கலக்குவது, கெட்ட செய்தி கேட்டதும் அடிவயிறு சில்லிடுவது, எதுவும் கிடையாது. பயத்தில் சோற்றை ஒதுக்கியவரை ஊர் பார்த்து முப்பது வருடமாகிறது.

வயிறு சொல்லாததை மனமும் மெல்ல மறந்தது. பக்கத்து ஊரில் கடற்சுவர் விரிசல் விட்டபோது கருவிகள் சரியாகத்தான் காட்டின. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. யாருக்கும் பதறவில்லை. அறிக்கையைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் சட்டம்: முடிவெடுக்கும் ஒவ்வோர் அறையிலும் மணி ஒட்டாத ஒருவர் உட்கார வேண்டும். அவர் வயிறு பதறினால் திட்டம் தள்ளுபடி.

ஜெசிந்தாவுக்கு மூன்று முறை கொடுத்தும் மணி ஒட்டவில்லை. உப்பி, பொருமி, முறுக்கி, மூன்றாம் நாள் வெளியே தள்ளியது அவள் குடல். பள்ளியில் கேலிக்கு ஆளாக்கிய நோய் முப்பது வயதில் உத்தியோகமாயிற்று. பதவியின் பெயர் பதறுநர். வாரியக் குடியிருப்பில் வீடு உண்டு. ஒரே நிபந்தனை, சிகிச்சை எடுத்துக்கொள்ளக் கூடாது.

“அடுத்தது, வடக்கு மதகைப் பலப்படுத்தும் திட்டம்,” என்று தலைமைப் பொறியாளர் வாசிக்கத் தொடங்கினார்.

நல்ல திட்டம். பதினான்கு வருடம் கேட்டுக்கேட்டு அவளுக்கும் மதகு கொஞ்சம் புரியும். ஆனால் அவள் நினைப்பு வீட்டில் இருந்தது. காலையில் மகள் ரெனிட்டா குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள்.

“எம்மா, இன்னைக்குப் பள்ளிக்கூடம் வேண்டாம்மா. செருப்ப மாட்டுனாலே வயித்த முறுக்குது.”

“ஏட்டி, கொஞ்சம் சுடுதண்ணி குடி. சரியாப் போயிரும்.”

“ஒனக்குச் சரியாப் போயிருச்சா?”

சுடுதண்ணீரைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள். போன மாதம் பதினைந்து முடிந்த மகளுக்கும் மணி ஒட்டவில்லை. ஊசிக்கும் மாத்திரைக்கும் முன்னால் பேச்சை நம்பும் ஒரு டாக்டரம்மா மட்டும் பிள்ளையை ஒரு மணி நேரம் உட்காரவைத்துக் கேட்டாள். “வயிறு மனச மிரட்டுது, மனசு வயித்த மிரட்டுது. ரெண்டையும் சேத்து உக்காரவச்சுப் பேசணும். ஆறு மாசமாகும். ஆனா தணியும்.” அந்தச் சிகிச்சை நாளைக்குத் தொடங்குகிறது.

பச்சைக் கோடு சுவரின் உச்சியைத் தொட்டது.

“பதறுது,” என்றார் தலைமைப் பொறியாளர், மழை தூறுகிறது என்பதைப் போல. “திட்டம் தள்ளுபடி. வடக்கு மதகு அப்படியே இருக்கட்டும்.”

“சார்.” அவளே எதிர்பார்க்காமல் வாய் திறந்துவிட்டது. “அது மதகுக்கு இல்ல சார். எம்மவளுக்கு உடம்பு சரியில்ல. அதுக்கு.”

நாற்காலியே பேசிவிட்டதைப் போல ஏழு பேரும் திரும்பினார்கள்.

“காரணம் குறிப்புல சேராதும்மா. அளவு மட்டும்தான்.”

“அந்த மதகுக்குப் பின்னால முந்நூறு வீடு இருக்கு சார்.”

“தெரியும்,” என்றார். உண்மையிலேயே தெரியும். முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் கோப்பை மூடினார்.

கழிவறைக்குள் தாழிட்டு உட்கார்ந்தபோதுதான் போன ஐப்பசி நினைவுக்கு வந்தது. தெற்குச் சுவரின் பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடலாமா என்று கேட்ட நாள். அதற்கு முன் இரண்டு நாள் தங்கச்சி வீட்டில் கஞ்சி குடித்துத் தூங்கி எழுந்து வந்திருந்தாள். கோடு அசையவே இல்லை. தள்ளிப்போட்டார்கள். சுவர் உடைந்து ஒன்பது பேர் செத்துப்போனார்கள். தன் வயிறு அன்று தவறிவிட்டது என்று ஒரு வருடமாக அதை வைதுகொண்டிருந்தாள். அது தவறவே இல்லை. அது எந்நாளும் சுவரைப் பற்றிப் பேசியதே இல்லை. அதற்குப் பயப்படத் தெரியும், பொறியியல் தெரியாது. அதனிடம் போய்க் கேட்டவர்கள் இவர்கள். கேட்கட்டும் என்று உட்கார்ந்திருந்தவள் அவள்.

முகம் கழுவி வெளியே வந்தாள். பணியாளர் பிரிவின் குலசேகரன் தாளும் பேனாவுமாக நின்றிருந்தான்.

“அக்கா, நல்ல சேதி. ஒங்க பாப்பாவ இளம் பதறுநராச் சேத்துக்கிறோம். படிப்புச் செலவெல்லாம் வாரியந்தான். அந்த டாக்டரம்மாகிட்ட மட்டும் போகக் கூடாது. குணமாயிட்டா அப்புறம் எதுக்கு ஆவா?”

“அவ பிள்ளையா இருக்கட்டுமே.”

“இதென்ன பேச்சுக்கா? ஊருக்கே ஒங்க குடும்பந்தான் காவல்.”

“போன ஐப்பசியிலயும் நாந்தான் காவல், தம்பி.”

அவனுக்கு அது உறைக்கவில்லை. உறைக்கிற இடத்தில் மணி இருந்தது. தாளை நீட்டினான். “போடலேன்னா வீட்டக் காலி பண்ணச் சொல்வாங்க. நா சொல்லல, சட்டம்.”

அவள் குடல் முறுக்கிக்கொண்டு எழுந்தது. கச்சையைக் கழற்ற மறந்திருந்தாள். திறந்த கதவு வழியாகக் கூட்ட அறைச் சுவரில் பச்சைக் கோடு குதிப்பது இருவருக்கும் தெரிந்தது.

குலசேகரன் சிரித்தான். “பாத்தீங்களா? ஒங்க வயிறே சொல்லுது, மறுக்காதீங்கன்னு.”

“பயப்படுதுன்னு சொல்லுது. பயப்படட்டும், வீடு போறதுன்னா பயமாத்தான் இருக்கும்.” கச்சையின் கொக்கியை அவிழ்த்து, அவன் நீட்டிய தாளின்மேல் வைத்தாள். “வடக்கு மதகுக் கோப்ப மறுபடி எடுக்கச் சொல்லுங்க. இந்தத் தடவை படிச்சுப் பாத்து முடிவு பண்ணட்டும்.”

“அப்ப கையெழுத்து?”

“போடல, தம்பி,” என்றாள், வலியில் லேசாகக் குனிந்தபடியே.