கிணற்றிலிருந்து மிஸ்டு கால்

டிரான்ஸ்பார்மர் எரிந்து, அதை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் நாலு நாளாயிற்று. ஊரில் ஒரு பல்புக்கும் உயிரில்லை. அப்படியிருக்க, மத்தியானம் இரண்டு மணிக்கு ஆனந்தியின் செல்போன் ஒரே ஒரு மணி அடித்து நின்றது. எடுத்துப் பார்த்தாள். கிணறு.

மோட்டார் ரூமில் இருக்கும் பெட்டியின் எண்ணுக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. பெட்டி அவள் கைவேலை. திண்டுக்கல்லில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் நாலு வருஷம் ஈயம் உருக்கிய கை. விரல் நுனியில் இன்னும் சூட்டுத் தழும்பு உண்டு. கலியாணமாகி வடமதுரைப் பக்கம் வந்தாள். புருஷன் ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளாவுக்குக் காய் லாரி ஓட்டப் போய்விட்டான். மோட்டாருக்கு மூன்று பேஸ் கரண்ட் எப்போது வரும் என்று கிணற்றடியில் காவல் கிடந்து அலுத்துப்போய், ஒரு பழைய செல்போனையும் இரண்டு ரிலேயையும் டிபன் டப்பாவுக்குள் அடைத்தாள். கரண்ட் வந்ததும் ரிலே செல்போனின் பொத்தானை அமுக்கும். அவளுக்கு மிஸ்டு கால் வரும். அவள் திருப்பி அடித்தால் மோட்டார் ஓடும். அடுப்படியில் வெஞ்சனத்தைக் கிண்டிக்கொண்டே அரை மைலுக்கு அப்பால் தண்ணீர் பாய்ச்சினாள்.

போன மாதம் அந்தக் கிணற்றுக்குள் மோட்டார் மெக்கானிக் முத்துச்சாமி கரண்ட் அடித்துச் செத்தான். அதிலிருந்து ஊர் வாய் மூடவில்லை. இப்போதும் மாமனாரின் தம்பி கருப்பணன் வாசலில் உட்கார்ந்திருந்தார்.

"யாருத்தா போனுல?"

"ராங் நம்பர், மாமா."

"நாளைக்கு டிரான்ஸ்பார்மர் வருதாம். அதுக்குள்ள அந்தப் பொட்டியக் கழட்டிரு. ஆளத் தின்ன பொட்டி. இல்லைன்னா நானே கல்லப் போட்டு ஒடச்சிருவேன்."

"ஒடைங்க. ஒடச்சுப்புட்டு ராத்திரிக்கு ராத்திரி நீங்களே வந்து தண்ணி பாய்ச்சுங்க. டார்ச் லைட்டு நான் புடிக்கிறேன்."

"வாய் மட்டும் கொறையல."

"பொட்டி ஒரு பாவமும் பண்ணல, மாமா."

அது நிசம். பாவம் பண்ணியது யார் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கிணற்றுக்குள் இறங்குகிற மெக்கானிக், போர்டிலிருந்து மூன்று பீங்கான் பியூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்குவான். ஏறி வந்ததும் காட்டுக்குச் சொந்தக்காரர் கையில் கொடுத்து "போடுங்க" என்பான். கட்டை மடியில் கிடந்தால்தான் உயிர் தன்னிடம். முத்துச்சாமி இருபது வருஷமாக இதில் தவறியதில்லை. அவன் படியேறி வந்தால் மடியில் பீங்கான் இடிக்கும் சத்தம், கிளிங், கிளிங், என்று முன்னால் வரும்.

அன்றைக்கு அவளிடம் சொல்லாமல் இறங்கியிருந்தான். பெட்டி கூப்பிட்டது. அவள் திருப்பி அடித்தாள். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. ஓடிவந்து பார்த்தால் போர்டில் கட்டைகள் இல்லை. எவனோ திருடிவிட்டான் என்று எண்ணி, மாடத்தில் கிடந்த பழைய கட்டைகளை மாட்டி மோட்டாரைப் போட்டாள். போடும் முன் கிணற்றுக்குள் ஒரு குரல் கொடுப்பது வழக்கம். அவள் கொடுக்கவில்லை. கீழே மோட்டார் வயரைப் பிரித்துக் கையில் பிடித்திருந்தான் அவன்.

மோட்டாரை நிறுத்திவிட்டு முதலில் இறங்கியவள் அவள்தான். அவன் மடியை அவிழ்த்து, மூன்று கட்டைகளையும் எடுத்துத் தண்ணீரில் எறிந்தாள். பிறகுதான் கத்தினாள். நாலு பேர் வந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தித்தான் வயரிலிருந்து பிரித்தார்கள். கட்டையைப் பிடுங்க மறந்தவன் என்ற பேரோடு அவன் சுடுகாட்டுக்குப் போனான்.

போன் மறுபடி ஒரு மணி அடித்தது. கிணறு.

எறும்பு ஏறியிருக்கும். இல்லை, ஈரம். ஸ்குரூ டிரைவரை இடுப்பில் செருகிக்கொண்டு கிளம்பினாள். தண்ணீர் காணாத வெங்காயத் தாள் நுனி கருகி, மிதிக்க மிதிக்கக் காரமாய் நாற, இன்னும் பத்து நாள் ஈரம் கிடைத்தால் காய் திரண்டுவிடும் என்று அந்த வெயிலிலும் மனசு கணக்குப் போட, காக்கைகூடக் கத்தாத உச்சி வேளையில் தன் செருப்புச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிணற்றடிக்கு வந்தாள். மோட்டார் ரூமுக்குள் கிரீஸ் வாடை. அதற்கு அடியில் வேறொரு வாடை, பொசுங்கிய மயிர் வாடை. மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு டப்பாவைத் திறந்தாள்.

எறும்பு இல்லை. ஈரம் இல்லை. ஒயர்கள் அவள் பற்றவைத்த ஈயத்தில் அப்படியே பளபளத்தன.

"எங்கிட்டயா ஒன் வெளையாட்டு?" என்றாள்.

செல்போனிலிருந்து பேட்டரியைப் பிடுங்கினாள். சிம்மைக் கழற்றி இடது உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

வலது கையில் அவள் போன் அடித்தது. கிணறு. இந்த முறை ஒரு மணியோடு நிற்கவில்லை.

எடுத்தாள். காதில் வைத்தாள். சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர். பிறகு, கிளிங்.

போனைக் காதிலிருந்து இறக்கினாள். கிளிங். சத்தம் நிற்கவில்லை. வெளியிலிருந்து வந்தது.

போர்டைப் பார்த்தாள். அவள் மாட்டிய கட்டைகள் இல்லை. மூன்று குழிகளும் வாய் திறந்து கிடந்தன.

ஓடலாம். கதவு திறந்துதான் இருந்தது. ஓடினால் நாளைக்கு எல்லாரும் பெட்டியை உடைப்பார்கள். அவள் கிணற்று மேட்டில் வந்து நின்றாள். அன்றைக்குக் கேட்காததைக் கேட்டாள்.

"கெணத்துக்குள்ள யாரு?"

 கிளிங். ஒரு படி. கிளிங். இன்னொரு படி. பொசுங்கல் வாடை மேலே வந்தது. பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டது. நாக்கு ஒட்டவில்லை.

"ஆமா. நாந்தான். கட்டையப் போட்டது நான், மடிய அவுத்தது நான். நீ மறக்கல, முத்துச்சாமி அண்ணே. ஊரு முன்னாடி சொல்றேன். பொட்டியத் தொடாத."

சத்தம் நின்றது. மேல்படியின் விளிம்பைத் தாண்டி ஒரு கை மட்டும் வந்தது. உள்ளங்கை கருகி, குறுக்கே வயர் பதிந்த பள்ளம். அதில் பாசி படிந்த மூன்று பீங்கான் கட்டைகள். நீர் சொட்டியது. வேலை முடிந்து ஏறி வந்தவன் நீட்டுவதுபோல நீட்டிக்கொண்டு நின்றது.

"போடணுமா? குடு," என்று ஆனந்தி தன் கையை நீட்டினாள்.

கட்டைகள் அவள் கைக்கு வந்தன. ஐஸ் கட்டிபோல.

கருகிய விரல்கள் அவள் கையைச் சுற்றி மூடின. ஒவ்வொன்றாக. அந்தக் கை விடவில்லை.