பிப்பி வாலாட்டிய காலை

நாய் பிப்பி வழக்கம்போல அம்மாவின் ரப்பர் பூட்ஸ் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது.

அந்த பூட்ஸ் ஒரு வருடமாக வாசலில் அதே இடத்தில்தான் கிடக்கிறது. எடுக்கப் போனால் பிப்பி உறுமும் என்று அப்பாவும் ரிபெகாவும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் பிப்பி ஒரு நாளும் உறுமியதில்லை. எடுக்க மனம் வராதவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான்.

“அதை எழுப்பு ரிபெகா,” என்றார் அப்பா ஹோஹெப்பா, துப்பாக்கியைத் துடைத்தபடி. “இன்னைக்கு ஒரு நாள்தான். நாளைக்குக் காலைல கோலின் வந்து கூட்டிட்டுப் போயிடுவார்.”

ரிபெகா பிப்பியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கோலின் ஆற்றின் கீழ்ப்பக்கம் ஆட்டுப் பண்ணை வைத்திருப்பவர். நல்ல மனிதர்தான். ஆனால் அவர் பண்ணையில் நாய்கள் எல்லாம் சங்கிலியில்தான் தூங்கும்.

“அவ ஆடு மேய்க்கிறவ இல்லப்பா. மானை மோப்பம் பிடிக்கிறவ.”

“எங்க பிடிச்சா? மூணு வாரமா கூட்டிட்டு அலையறேன். ஒரு மான் காட்டினாளா? சாப்பாடு மட்டும் நல்லா உள்ள இறங்குது.”

பிப்பி ஒரு கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

நியூசிலாந்து மலைக்காடுகளில் ஏப்ரல் வந்தால் ஆண் மான்கள் கத்த ஆரம்பித்துவிடும். ‘இது என் இடம், யாரும் வராதே’ என்று ஒன்று கத்தும். ‘வந்தால் என்ன செய்வாய்?’ என்று இன்னொன்று பதிலுக்குக் கத்தும். அந்த ஊர் ஆட்கள் மாட்டுக் கொம்பை வாயில் வைத்து அதே மாதிரி கத்துவார்கள். சண்டைக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்து மான் கிட்டே வரும்.

இந்த ஏப்ரலில் அப்பாவுக்கு ஒரு மான் கட்டாயம் வேண்டும். அடுத்த சனிக்கிழமை அம்மாவின் கல் திறக்கும் நாள். இறந்து ஒரு வருடம் ஆனதும் கல்லறையில் கல் நட்டு, அதன்மேல் துணி போர்த்தி, எல்லோரும் கூடி அதை விலக்குவார்கள். பிறகு ஊரே உட்கார்ந்து சாப்பிடும். ஊரில் யாருடைய கல் நாள் என்றாலும் மான்கறி கொண்டுவந்தது அம்மா ஹரியாட்டாதான்.

“அவ கல் நாளுக்கு மான்கறி இல்லேன்னா ஊர் சிரிக்கும்,” என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஊர் சிரிக்காது என்று ரிபெகாவுக்குத் தெரியும். அப்பாதான் அழுவார்.

காட்டுக்குள் போனபோது தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடை மாதிரி விரிந்த மரப்பெரணிகளிலிருந்து தண்ணீர் சொட்டிச் சட்டைக்குள் இறங்கியது. பத்தடிக்கு அப்பால் எல்லாமே பனிமூட்டம்.

பிப்பியைக் குட்டியிலிருந்து பழக்கியது அம்மா. அது மானைத் துரத்தாது, குரைக்காது. காற்றில் மான் வாசனை வந்தால் ஒரு முன்னங்காலைத் தூக்கி, வாலைக் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு அப்படியே நிற்கும். அவ்வளவுதான். அம்மாவும் காட்டுக்குள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். கையைக் கொஞ்சம் தூக்கினால் நில், இறக்கினால் நட.

அப்பாவுக்கு அந்த வித்தை வராது. பிப்பியை அதட்டிக்கொண்டே வந்தார்.

“இந்தப் பக்கம் வா. அங்க இல்ல, இங்க! ஏய், எதுக்கு நிக்கிற? நட!”

“அப்பா,” என்றாள் ரிபெகா மெதுவாக. “அம்மா காட்டுல பேசவே மாட்டாங்க.”

“அம்மாதான் இப்ப இல்லயே!”

சொன்ன பிறகு அப்பா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ரிபெகா பிப்பியின் ஈரத் தலையைத் தடவினாள். மழை கொஞ்சம் வலுத்தது.

ஒரு சரிவுக்கு வந்ததும் அப்பா கொம்பை எடுத்து வாயில் வைத்தார். “ம்ம்ம்ம்ஓஓஓஓ...” என்று கத்தினார்.

முதலில் சத்தமே இல்லை. பிறகு பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது.

“ம்ம்ம்ஓஓஓ... ஓ... ஓ...”

அப்பாவின் முகம் மலர்ந்தது. ரிபெகா அதைப் பார்த்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. “கேட்டியா?” என்று கிசுகிசுத்தார். “பெருசு! குரல் எப்படிக் கரகரன்னு இருக்கு பாரு. வயசான ஆண் மான்.”

அவர் மறுபடி கத்தினார். அதுவும் கத்தியது, இன்னும் கிட்டே வந்து. அப்பா கோபமாகக் கத்தினார். அது அதைவிடக் கோபமாகக் கத்தியது. இப்போது பள்ளத்துக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. எங்கோ ஒரு குச்சி ஒடிந்தது.

ரிபெகா பிப்பியைப் பார்த்தாள். காற்று எதிரிலிருந்துதான் வந்தது. பிப்பியின் மூக்கு அதை நன்றாக உறிஞ்சியது. ஆனால் அது காலைத் தூக்கவில்லை. வால் விறைக்கவில்லை. காதை மடக்கிக்கொண்டு, வால் நுனியை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டியது. தொண்டைக்குள் மெல்ல முனகியது.

“நல்லா இருக்கு கூத்து,” என்றார் அப்பா. “மானைப் பார்த்து வாலாட்டுற நாயை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்.”

ரிபெகா யோசித்தாள். பிப்பி எப்போது இப்படிச் செய்யும்? பிடித்தவர்கள் யாராவது வீட்டு வேலிக்கதவைத் திறக்கும்போதுதான். வேறு எதற்கும் இல்லை.

எதிரே பெரணிகளுக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தது.

அப்பா துப்பாக்கியைத் தூக்கித் தோளில் பதித்தார்.

“அப்பா, அது மான் இல்ல.”

“உஷ்!”

“முழு உடம்பும் தெரியலப்பா. முழுசாத் தெரியாம சுடவே கூடாதுன்னு அம்மா சொல்வாங்கல்ல?”

“வாயை மூடு ரிபெகா. இது உங்கம்மாவுக்கான மான்.” அவர் ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். கண்ணிலிருந்து வழிந்தது மழையா என்று தெரியவில்லை.

கத்தினால் மான் ஓடிவிடும். அம்மாவின் கல் நாளுக்குக் கறி இருக்காது. அப்பா மன்னிக்கவே மாட்டார். நாளைக்குப் பிப்பி சங்கிலியோடு போய்விடும். கத்தாவிட்டால்... அதற்கு மேல் நினைக்க அவளுக்குப் பயமாக இருந்தது.

பிப்பி அவளை நிமிர்ந்து பார்த்தது. வால் நுனி இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

“சுடாதீங்க!” ரிபெகா அடித்தொண்டையிலிருந்து அலறினாள். “இங்க ஆளுங்க இருக்கோம்! சுடாதீங்க!”

மரங்களிலிருந்து பறவைகள் படபடத்துப் பறந்தன. அப்பா அவள் பக்கம் திரும்பினார். முகம் சிவந்திருந்தது. ஏதோ திட்டத்தான் வாயைத் திறந்தார்.

அதற்குள் பெரணிக்குள்ளிருந்து ஒரு கரகரத்த குரல் கேட்டது.

“ரிபெகா? அது ரிபெகாவா?”

இலைகளை விலக்கிக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். மண் நிற ஸ்வெட்டர். கழுத்தில் மாட்டுக் கொம்பு. கையில் துப்பாக்கி. முகம் மாவு பூசினதுபோல வெளுத்திருந்தது. பிப்பி ஒரே பாய்ச்சலில் போய் அவர்மேல் ஏறிவிட்டது.

அம்மாவின் அண்ணன், திப்பேனே மாமா!

ஒரு வருடத்துக்கு முன்னால், அம்மாவை எங்கே புதைப்பது என்று மாமாவுக்கும் அப்பாவுக்கும் பெரிய சண்டை. ‘கடலோரத்துல எங்க அப்பா அம்மா கல்லறை பக்கத்துலதான் தங்கச்சி இருக்கணும்’ என்றார் மாமா. ‘என்னை விட்டு அவளை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டேன்’ என்றார் அப்பா. அன்று போன மாமா அதன் பிறகு வீட்டுப் பக்கமே வரவில்லை. இருவருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

“நான் இந்தப் பக்கம்தான் குறி பார்த்துட்டு இருந்தேன்,” என்றார் மாமா. துப்பாக்கியை மரத்தில் சாய்த்து வைத்தார். “ஏதோ அசைஞ்சுது. மான்னுதான்... விரல் விசைமேல இருந்துச்சு. அப்பத்தான் இவ கத்தினா.”

அப்பா ஈர வேர் ஒன்றின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். துப்பாக்கியிலிருந்த குண்டுகளை எடுத்தார். ஒன்று கைநழுவிச் சேற்றில் விழுந்தது. அதை எடுக்க யாரும் குனியவில்லை.

“நீ எதுக்கு வந்தே?” என்றார் அப்பா.

“தங்கச்சி கல் நாளுக்கு மான்கறி வேணாமா? உன்னால முடியாதுன்னு நினைச்சேன்.”

“ஏன் முடியாதாம்?”

“உன் வாய்தான் மச்சான். ஹோஹெப்பா காட்டுக்குள்ள நுழைஞ்சா மானெல்லாம் போய்க் கடல்ல குதிச்சிடும்னு அவளே சொல்லுவா.”

ரிபெகாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கினவள் அப்படியே அழுதுவிட்டாள்.

“ஒரு வருஷமா ரெண்டு பேரும் பேசல,” என்றாள் விக்கலோடு. “பேசறதுன்னு வந்தா மான் மாதிரிதான் கத்திக்குவீங்களா?”

மாமா தன் ஸ்வெட்டரைக் குனிந்து பார்த்தார்.

“இந்த ஸ்வெட்டர் அவ பின்னிக் கொடுத்தது,” என்றார் மாமா. “சர்ச்சுக்குப் போட்டுக்கோ, மான் மாதிரித் தெரியும், இந்தக் கலர்ல காட்டுக்கு மட்டும் போயிடாதேன்னு சொல்லித்தான் கொடுத்தா. அவ நினைப்பாவே இருந்துச்சு, போட்டுட்டு வந்துட்டேன்.”

அவர் அதைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். ஆள் என்று தெரியட்டும் என்று, ரிபெகா பைக்குள் கிடந்த தன் ஆரஞ்சு நிறத் தொப்பியை எடுத்து அவர் தலையில் மாட்டினாள். அது அவருக்குப் பாதித் தலைக்குத்தான் வந்தது.

திரும்பி நடந்தார்கள். யாரும் பேசவில்லை. பேச யாருக்கும் தெம்பு இல்லை. தூறலும் காலடிச் சத்தமும் மட்டும்தான்.

பிப்பி முன்னால் போனது. மெதுவாக, காற்றை முகர்ந்து முகர்ந்து, அம்மாவோடு போகும்போது நடக்குமே, அந்த நடை. ஓடைத் திருப்பத்தில் சட்டென்று நின்றது.

முன்னங்கால் மேலே. வால் குச்சி மாதிரி.

ரிபெகா அம்மாவைப் போலக் கையைத் தூக்கினாள். பின்னால் வந்த இருவரும் நின்றார்கள். அப்பா சத்தமில்லாமல் குண்டை நிரப்பினார். ஆனால் துப்பாக்கியை உடனே தூக்கவில்லை. காத்திருந்தார். பனிமூட்டம் கொஞ்சம் விலகியது. கொம்பு தெரிந்தது. கழுத்து தெரிந்தது. தோள், நாலு கால், எல்லாம் தெரிந்தது. அதன் பிறகுதான் தூக்கினார்.

ஒரே ஒரு வெடிச் சத்தம். மான் சாய்ந்தது.

முன்பெல்லாம் மான் விழுந்ததும் அம்மா உட்கார்ந்து ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியைப் பிப்பிக்குக் கொடுப்பாள். ரிபெகா பையைத் துழாவினாள். நொறுங்கிப்போன இஞ்சி பிஸ்கட் ஒன்று இருந்தது. அவள் கொடுப்பதற்குள் அப்பா கையை நீட்டி வாங்கினார். சேற்றில் மண்டியிட்டு, உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“உன்மேல தப்பில்லடி,” என்றார் பிப்பியிடம். “நான்தான் உன்னை வேலை செய்ய விடல.”

மறுநாள் காலை கோலின் சங்கிலியோடு வந்து நின்றார்.

“நாய் இங்கயே இருக்கட்டும் கோலின்,” என்றார் அப்பா. “உங்களை வீணா அலைய விட்டுட்டேன்.”

“மான் காட்டாதுன்னு சொன்னீங்களே?”

கொட்டகையில் கறி வெட்டிக்கொண்டிருந்த மாமா எட்டிப் பார்த்தார். “அந்த நாய் இல்லேன்னா இவரு இந்நேரம் என்னைத்தான் வெட்டிட்டு இருப்பாரு!”

கோலினுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்துவிட்டு, ஒரு துண்டு மான்கறியை வாங்கிக்கொண்டு சங்கிலியோடு திரும்பிப் போனார்.

அப்பா வாசல்படிக்கு வந்தார். பிப்பி அம்மாவின் பூட்ஸ் மேல் முகவாயை வைத்துப் படுத்திருந்தது. அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நெடுநேரம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பிப்பி ஒரு பெருமூச்சு விட்டது. பிறகு மெல்ல நகர்ந்து, முகவாயை எடுத்து அப்பாவின் பூட்ஸ் மேல் வைத்துக்கொண்டது.