யானைக்கு முளைத்த மீசை

திங்கட்கிழமை மாலை நாலே முக்கால் மணிக்கு, மூர்த்தி சித்தப்பாவின் கடையில் ஒரு யானைக்கு மீசை முளைத்தது.

யானை இருந்தது கம்ப்யூட்டர் திரையில். வரைந்தவள் ஆறாம் வகுப்பு கவிநிலா. சத்தியமாக அவள் மீசை வரையவில்லை. தும்பிக்கையை முடித்துவிட்டு, பேனாவைத் தூக்கிக் கண் பக்கம் கொண்டுபோனாள். அவ்வளவுதான். போகிற வழியெல்லாம் கோடு விழுந்தது.

அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இந்தத் தடவை மீசை காது வரைக்கும் போனது.

சித்தப்பாவின் கடை தேரடித் தெருவில் இருந்தது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, பௌர்ணமி அன்னதான நோட்டீஸ் எல்லாம் அங்கே கம்ப்யூட்டரில் தயாராகும். அந்த 2004ஆம் வருஷம்தான் அவர் சென்னையிலிருந்து ஒரு பென் டேப்லெட் வாங்கி வந்திருந்தார். சிலேட்டு அளவில் ஒரு கறுப்புப் பலகை, கூடவே மை இல்லாத ஒரு பேனா. பலகையில் பேனாவை அழுத்தினால் திரையில் கோடு விழும். அழுத்தாமல் சற்று மேலே பிடித்து நகர்த்தினால் அம்புக்குறி மட்டும் நகரும்.

சித்தப்பாவுக்கு அது கைக்கு வரவே இல்லை. கவிநிலாவுக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. அதைப் பார்த்துத்தான் பள்ளி ஆண்டு மலரின் அட்டைப்படம் வரையும் வேலையை ரேணுகாம்பாள் டீச்சர் அவளிடம் கொடுத்திருந்தார். இன்று ஆறு மணிக்குள் படம் அச்சகத்துக்குப் போக வேண்டும்.

"சித்தப்பா, பேனா தானா கோடு போடுது!"

"தானா எப்படிம்மா போடும்? நீ இன்னா பண்ண?"

"ஒண்ணுமே பண்ணல."

"வியாழக்கிழமை வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? உன்னைத் தவிர யாரு அதைத் தொடறாங்க? நொட்டாங்கையால பிடிக்காதேன்னு எத்தினி வாட்டி சொன்னேன்!"

கவிநிலாவுக்கு இடது கைப் பழக்கம். வீட்டில் குழம்பு கொட்டினாலும் அந்தக் கைக்குத்தான் திட்டு விழும்.

அந்த நேரம் பார்த்து ரேணுகாம்பாள் டீச்சர் காய்கறிப் பையோடு உள்ளே வந்தார். "அட்டைப்படம் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

"எங்க டீச்சர்! பேனாவ கெடுத்து வெச்சிருக்கா," என்றார் சித்தப்பா. "போன வருஷப் படத்தையே போட்டுக்குங்க. கவி, டீச்சர்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வீட்டுக்குக் கிளம்பு."

கவிநிலாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. அட்டைப்படம் போனால்கூடப் போகட்டும். செய்யாத தப்புக்கு மன்னிப்பா?

"கேக்க மாட்டேன்."

"இன்னாது?"

"நான் கெடுக்கல. கெடுக்காததுக்கு எதுக்கு மன்னிப்பு? வீட்டுக்கும் போக மாட்டேன்."

நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கடையே இடிந்து விழுந்தாலும் அவள் எழுந்திருக்கப் போவதில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நான் மார்க்கெட்டுக்குப் போயிட்டு அஞ்சரைக்கு வரேன். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வாங்க," என்று கிளம்பினார்.

"டீச்சர் முன்னாடி இப்படிப் பேசலாமா?" என்றார் சித்தப்பா.

"டீச்சர் முன்னாடி நீங்க என்னைப் பத்தி அப்படிச் சொல்லலாமா?"

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். 

"நொட்டாங்கைதான் காரணம்னா, நீங்க சோத்தாங்கையால பிடிச்சு வரைங்க பார்க்கலாம்."

வலது கையால் வரைந்தார். பலகைக்கு மேலே பேனாவைச் சும்மா நகர்த்தினாலே, கொட்டிய இடியாப்பம் போலத் திரையெங்கும் கோடுகள்.

"நீ ஏற்கெனவே கெடுத்துட்டே. இனிமே யார் பிடிச்சா இன்னா?" என்றார்.

இவரிடம் பேசிப் பயனில்லை. கவிநிலா யோசித்தாள்.

பேனா ஒருபோதும் சும்மா இருப்பதில்லை. பலகைக்குப் பக்கத்தில் வந்ததுமே, 'இங்கே இருக்கிறேன், இவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறேன்' என்று நொடிக்கு நூறு தடவை கம்ப்யூட்டருக்குச் சேதி அனுப்பும். அழுத்தம் பூஜ்யம் என்றால் கம்ப்யூட்டர் கோடு போடாது. அந்தச் சேதியைக் கண்ணால் பார்க்கத் திரையில் ஒரு சோதனைப் பெட்டி உண்டு. அழுத்தினால் அதில் ஒரு நீலப் பட்டை உயரும்.

அந்தப் பெட்டியைத் திறந்தாள். பேனாவைப் பலகையில் படாமல் பிடித்தாள். பட்டை கால்வாசி உயரத்தில் நின்றது. இறங்கவே இல்லை.

"சித்தப்பா, இங்க பாருங்க. பேனா பலகையைத் தொடவே இல்ல. ஆனா அழுத்தறேன்னு சொல்லுது."

"அப்போ கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கா?"

"அது பேனா சொல்றபடி கோடு போடுது, பாவம். பேனாவோட மூக்கைத்தான் ஏதோ அமுக்கிக்கிட்டே இருக்கு."

பேனாவை டியூப்லைட் பக்கம் தூக்கிப் பிடித்தாள். முனை உள்ளே அமுங்கி வெளியே வர வேண்டும். நகத்தால் தட்டினாலும் அது அசையவில்லை. முனையைச் சுற்றி மஞ்சளாக ஏதோ காய்ந்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். கமகமவென்று மணத்தது.

கவிநிலா மெதுவாகத் திரும்பிக் கடையைப் பார்த்தாள்.

போன வெள்ளிக்கிழமைதான் ஆயுத பூஜை. சித்தப்பா எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆளில்லை. மற்றவர்கள் மெஷினுக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். இவர் மவுஸுக்கு, ஸ்டேப்ளருக்கு, ஃபேன் சுவிட்சுக்கு, காலண்டர் ஆணிக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அப்புறம் இரண்டு நாள் கடைக்கு விடுமுறை.

"சித்தப்பா, பேனாவுக்குப் பொட்டு எங்க வெச்சீங்க?"

சித்தப்பா கூரையைப் பார்த்தார். "நுனியிலதான். பேனான்னா நுனிதானேம்மா முக்கியம்?"

"எவ்ளோ வெச்சீங்க?"

"கொஞ்சம் ஜாஸ்திதான்."

கவிநிலா மேஜை டிராயரிலிருந்து சின்ன இடுக்கியை எடுத்தாள். பேனா முனையைப் பிடித்து மெல்ல இழுத்தாள். கழன்று வந்தது. அது இருந்த துளைக்குள் சந்தனம் கட்டியாகக் காய்ந்திருந்தது. குண்டூசியால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, முனையை மறுபடி செருகினாள்.

நீலப் பட்டை பூஜ்யத்துக்கு இறங்கியது. அழுத்தினாள், உயர்ந்தது. தூக்கினாள், இறங்கியது.

"சபாஷ்!" சித்தப்பா கை தட்டினார். "சீக்கிரம் வரைடி, நான் போய் ரோஸ்மில்க் வாங்கியாறேன்."

கவிநிலா பேனாவைக் கீழே வைத்தாள்.

"முதல்ல டீச்சர்கிட்ட சொல்லணும்."

"நீதான் சரி பண்ணேன்னு சொல்றேன், போதுமா?"

"போதாது. நான் கெடுத்தேன்னு சொன்னீங்க இல்ல? யார் கெடுத்ததுன்னு சொல்லணும்."

"எனக்குன்னு கடைத்தெருவுல ஒரு மரியாதை இருக்குதுடி!"

"பள்ளிக்கூடத்துல எனக்கும் இருக்கு."

ஐந்து இருபத்தைந்துக்கே டீச்சர் வந்துவிட்டார். சித்தப்பா கண்ணாடியைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார். கவிநிலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், பேனாவ கெடுத்தது இவ இல்ல. நான்தான். பூஜையில சந்தனத்தை அப்பிட்டேன். கண்டுபுடிச்சு சரி பண்ணது இவ." சித்தப்பா கவிநிலா பக்கம் திரும்பினார். "தப்பு என் மேலதான். மன்னிச்சுடும்மா."

கடைசி வார்த்தையை யாரும் அவரிடம் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.  கவிநிலா தலையை மட்டும் ஆட்டிவிட்டு, பேனாவை இடது கையில் எடுத்தாள். சித்தப்பா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு பலகையை அவளுக்கு இடது பக்கமாக நகர்த்தி வைத்தார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது படம் முடிந்தது.

"அருமை!" என்றார் டீச்சர். "ஓரத்துல உன் பேரைப் போடும்மா."

கவிநிலா போட்டாள். கொஞ்சம் பெரிதாகவே போட்டாள்.